408இலிருந்து 398: பழைய ஜப்பானிய பைக்குகளை வடித்த சட்டங்கள்

1974 டிசம்பரில் ஹோண்டா நிறுவனம் சிபி400 ஃபோர் என்ற பைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்கு சிலிண்டர்களிலிருந்தும் புறப்படும் புகைக்குழாய்கள் எஞ்சினுக்கு முன்னால் ஒருசேர வளைந்து, வலப்பக்கத்தில் ஒற்றைச் சைலன்சராகக் கூடும். பட்டறைக்காரர் ஒருவர் இரவெல்லாம் விழித்து வளைத்தது போன்ற அந்த அமைப்பு தொழிற்சாலையிலிருந்தே வந்தது. எஞ்சின் அளவு 408 சிசி. அடுத்த அக்டோபரில் ஜப்பானின் ஓட்டுநர் உரிம விதி மாறியது. நடுத்தர பைக்குக்கான உரிமம் 400 சிசியோடு நின்றுவிட்டது. எட்டு சிசி கூடுதலாக இருந்ததால் இந்த வண்டி பெரிய பைக்குகளின் பட்டியலில் போய் விழுந்தது. 1976இல் ஹோண்டா பிஸ்டனின் ஸ்ட்ரோக்கை 50 மில்லிமீட்டரிலிருந்து 48.8 ஆகக் குறைத்து, 398 சிசி எஞ்சினுடன் அதே பைக்கை மறுபடி விற்றது.

ஒன்றே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த மாற்றத்தில் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது. பழைய ஜப்பானிய பைக்குகளை மாற்றியமைத்து ஓட்டும் பண்பாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முன்ஃபோர்க்கை நீட்டிய அமெரிக்க சாப்பரையும், ஹேண்டில்பாரைத் தாழ்த்திய லண்டன் கஃபே ரேசரையும் மூலமாகக் காட்டுவார்கள். தோற்றத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் எந்த வண்டி பட்டறைக்குப் போனது, எந்தப் பாகம் வெட்டப்பட்டது, யார் ஓட்டினார்கள் என்ற கேள்விகளுக்கு அந்த மூலங்களில் விடை கிடைப்பதில்லை. உரிம விதி, எஞ்சின் அளவு வரம்பு, வாகனச் சோதனை ஆகிய மூன்றுமே அந்த விடையைத் தருகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஏழரையும் ஒற்றைக் குழாயும்

1968 அக்டோபரில் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் ஹோண்டா சிபி750 ஃபோர் பார்வைக்கு வந்தது. மறு ஆண்டு விற்பனை தொடங்கியது. 736 சிசி, 67 குதிரைத்திறன், குறுக்குவாட்டில் நான்கு சிலிண்டர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்னால் நான்கு தனித்தனிச் சைலன்சர்கள். ஜப்பானில் அதன் விலை 3,85,000 யென். அங்கே இந்த வகை பைக்குகளை ‘நானாஹான்’ என்று அழைத்தார்கள். ஏழரை என்று பொருள், அதாவது 750. இவ்வளவு வலிமையான வண்டி சாதாரண மனிதர் கைக்கு வந்ததைப் பார்த்து எழுந்த கவலையில், உள்நாட்டில் 750 சிசிக்கு மேல் விற்பதில்லை என்று உற்பத்தியாளர்கள் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். 1990 வரை அது நீடித்தது.

அந்தக் கட்டுப்பாட்டின் குழந்தைதான் கவாசாகி இசட்2. கவாசாகி 1972இல் இசட்1 பைக்கை 903 சிசியில், 82 குதிரைத்திறனில், அமெரிக்காவை மனத்தில் வைத்துச் செய்தது. ஜப்பானியருக்கு அது கிடைக்காது. அவர்களுக்காக 1973இல் 746 சிசியில் 750ஆர்எஸ் என்ற தம்பியை இறக்கியது; இசட்2 என்பது அதன் வழக்குப்பெயர். அண்ணனைப் போலவே டேங்க், அதே வால்பகுதி, அதே இரட்டை கேம்ஷாஃப்ட். உள்ளே மட்டும் குறைவு. அந்தக் குறையே இசட்2 வைத்திருந்தவரைப் பட்டறைக்கு அனுப்பியது. சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவது, கெய்ஹின் சிஆர் பந்தயக் கார்புரேட்டர் மாட்டுவது, நான்கு சைலன்சரைக் கழற்றி ஒன்றாக்குவது என்ற வரிசை அப்படித்தான் உருவானது. இன்று ஜப்பானில் மிக அதிக விலை பேசப்படும் பழைய பைக்குகளில் இசட்2 ஒன்று. வரம்பு போட்டுச் சிறிதாக்கிய வண்டி, மூலத்துக்கு நிகராக மதிக்கப்படுகிறது.

நான்கு குழாயை ஒன்றாக்கும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் பின்னால் நிற்பவர் ஹிதேயோ யோஷிமுரா. 1922இல் ஃபுகுவோகாவில் பிறந்தவர். கடற்படை விமானி ஆகப் பயிற்சிக்குச் சேர்ந்து, பாராசூட் விபத்தில் காயம்பட்டு, விமான எஞ்சின் பராமரிப்பவர் ஆனார். போருக்குப் பின் ஃபுகுவோகாவில் பட்டறை வைத்தார். இதாசுகே விமானத்தளத்திலிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் தங்கள் பைக்குகளை அவரிடம் கொண்டுவந்தார்கள். கேம்ஷாஃப்டைக் கையாலேயே தேய்த்து வடிவம் கொடுப்பவர் என்று பெயர் வாங்கினார். ‘பாப்ஸ்’, அதாவது அப்பா, என்று அவர்கள் வைத்த பெயரே கடைசிவரை நிலைத்தது. 1965இல் டோக்கியோவை அடுத்த ஃபுஸ்ஸாவுக்கு, யோகோதா தளத்தின் பக்கம், பட்டறையை மாற்றினார்.

1971இல் அமெரிக்கப் பந்தயத்தில் ஓடிய சிபி750க்கு அவர் நான்கு குழாய்களையும் ஒரே குழாயில் கூட்டிக் கொடுத்தார். எடையைக் குறைப்பதும், வளைவில் சாயும்போது சைலன்சர் தரையில் உரசாமல் காப்பதும் முதல் பயன். ஆற்றலும் கூடியது. நான்கு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கின்றன; ஒரு சிலிண்டரின் புகை விரைந்து வெளியேறும்போது கூட்டுக்குழாயில் ஏற்படும் உறிஞ்சல் அடுத்த சிலிண்டரின் மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. குழாயின் நீளம் சரியாக அமைந்தால் இந்த உறிஞ்சல் தேவையான வேகத்தில் வந்து சேரும். நீளத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கைத்திறன். 1978இல் முதல் சுசுகா எட்டு மணி நேரப் பந்தயத்தில் யோஷிமுரா குழுவின் சுசுகி ஜிஎஸ்1000, ஹோண்டாவின் தொழிற்சாலைக் குழுவைத் தாண்டி வென்றது. அதற்குள் ‘ஷூகோகான்’ எனப்படும் அந்தக் கூட்டுக்குழாய் தெருவுக்கும் வந்துவிட்டது. பழைய நான்கு சிலிண்டர் ஜப்பானிய பைக் எதைப் பார்த்தாலும் கண் முதலில் போவது அந்தக் குழாயின் வளைவுக்குத்தான்.

நானூறின் காலம்

1975 விதியின் கடுமை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் விளங்காது. 400 சிசி வரையிலான உரிமத்தைப் பதினாறு வயதிலேயே ஓட்டுநர் பள்ளியில் பயின்று பெறலாம். அதற்கு மேல் வேண்டுமானால் மாவட்டச் சோதனை மையத்துக்குப் போய் நேரடியாக ஓட்டித் தேர்வு கொடுக்க வேண்டும். தேறியவர்கள் மிகச் சிலர். ‘கென்தெய் காய்ஜோ’, அதாவது வரம்பு நீக்கம், என்ற சொல் ஒரு தலைமுறையின் ஏக்கமாக ஆனது. 1996இல் பள்ளிகளிலேயே பெரிய உரிமம் பெற வழி திறந்தபோதுதான் அது தணிந்தது. இடைப்பட்ட இருபத்தோரு ஆண்டுகளில் ஜப்பானிய இளைஞனின் கனவு 400 சிசிக்குள் அடைபட்டிருந்தது. சுசுகி ஜிஎஸ்400, கவாசாகி இசட்400எஃப்எக்ஸ், ஹோண்டா சிபிஎக்ஸ்400எஃப் முதலியவற்றுக்கு இன்றும் இருக்கும் மவுசுக்குக் காரணம் இது.

இந்த வண்டிகளை முதலில் கையில் எடுத்து உருமாற்றியவர்கள் போசோஸோகு என்ற இளைஞர் கும்பல்கள். ஐம்பது, அறுபதுகளில் ‘காமினாரி ஸோகு’, இடிக்கூட்டம், என்று அழைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். உள்நோக்கி வளைத்து இறுக்கிய ஹேண்டில்பார், படிப்படியாக உயரும் மூன்றடுக்குச் சீட்டு, ராக்கெட் மூக்கு போன்ற முன்கவசம், சத்தத்தைத் தடுக்காத குழாய். ஓட்டுவது விரைவாக அல்ல. கூட்டமாக, மெதுவாக, முறுக்கி முறுக்கிச் சத்தம் எழுப்பி. 1978இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கூட்டாக ஆபத்து விளைவிக்கும் ஓட்டத்தைக் குற்றமாக்கியது. ஆனாலும் 1982இல் காவல்துறைக் கணக்கில் இவர்கள் 42,510 பேர் இருந்தார்கள். அதே ஆண்டு பள்ளிப் பெற்றோர் அமைப்புகள், மாணவர்கள் உரிமம் எடுக்கவும் பைக் வாங்கவும் ஓட்டவும் கூடாது என்ற மூன்று தடைகளை நாடு முழுவதும் வற்புறுத்தின. அதே ஆண்டுதான் ஜப்பானின் இருசக்கர வாகன விற்பனையும் சுமார் 32 லட்சத்து 80 ஆயிரம் என்ற உச்சத்தைத் தொட்டது.

அவர்களால் தூக்கம் கெட்ட ஊர்களும் பயந்து ஒதுங்கிய வழிப்போக்கர்களும் உண்மை. அதை மறைத்து இந்த வரலாற்றை எழுதக் கூடாது. ஆனால் மாற்றியமைப்பின் வரலாற்றில் இவர்களுக்கு இடமே கொடுக்காமல் விடுவதும் பிழை. வேறு எந்த நாட்டுப் பாணியையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கையில் கிடைத்த சிறிய வண்டியை வைத்து முற்றிலும் தமக்கேயான ஒரு வடிவத்தை உண்டாக்கியவர்கள் இவர்கள். அந்த வடிவத்தை இப்போது ‘க்யூஷாகாய்’ எனப்படும் பழைய வண்டிக் குழுக்களின் நடுவயதுக்காரர்கள் பேணுகிறார்கள்.

பின்னோக்கிப் போன எஸ்ஆர்

இந்த ஆய்வில் மிகவும் கவனிக்கத்தக்க வண்டி யமஹா எஸ்ஆர். 1978இல் எஸ்ஆர்400, எஸ்ஆர்500 என இரண்டாக வந்தது. ஒற்றைச் சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின். இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 87 மில்லிமீட்டர். 500க்கு ஸ்ட்ரோக் 84. உரிம வரம்புக்குள் வர 400க்கு 67.2. முழு வலிமையுள்ள 500 தொண்ணூறுகளோடு நின்றுபோனது. சட்டத்துக்காகக் குறைக்கப்பட்ட 400 ஜப்பானில் 2021 வரை, 43 ஆண்டுகள் விற்றது.

எஸ்ஆருக்கு செல்ஃப் ஸ்டார்ட் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. இடக்கைப் பக்கமுள்ள சிறு லீவரை இழுத்துக் கம்ப்ரஷனை விடுவித்து, கிக்கரை மெல்ல அழுத்தினால், சிலிண்டர் தலையிலுள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தில் அடையாளம் தெரியும். அப்போது லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சாக அடிவரை உதைக்க வேண்டும். அவசரப்பட்டு அரைகுறையாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். இந்தச் சிறு சடங்கு பழகியவருக்கும் வண்டிக்கும் இடையே ஒரு நெருக்கத்தைத் தருகிறது.

எண்பதுகளில் நீரால் குளிரும் எஞ்சின், அலுமினியச் சட்டம், முழுக் கவசம் என்று பந்தய நகல்கள் சந்தையை நிறைத்தன. எஸ்ஆர் பழசாகத் தெரிந்தது. 1985இல் யமஹா அசாதாரணமான ஒரு முடிவை எடுத்தது. முன்சக்கரத்தின் டிஸ்க் பிரேக்கை நீக்கிவிட்டு டிரம் பிரேக் போட்டது. நிறுத்தும் திறனில் பின்னடைவுதான். ஆனால் பழைய பிரிட்டிஷ் வண்டியின் தோற்றம் கிடைத்தது. 2001இல்தான் டிஸ்க் திரும்பியது. மாற்றியமைப்போரின் ரசனை ஒரு பெரிய நிறுவனத்தின் பொறியியலையே பின்னோக்கித் திருப்பியதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். 1989இல் கவாசாகி, கவசமில்லாத செஃபிர் 400 பைக்கைக் கொண்டுவந்து வெற்றி கண்டது இந்த அலையின் தொடர்ச்சி.

எஸ்ஆர் பட்டறைகளுக்குப் பிடித்துப்போனதற்கு இயந்திரக் காரணமும் உண்டு. எண்ணெய் தனித்தொட்டியில் இல்லை, சட்டத்தின் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. ரேடியேட்டர் கிடையாது. டேங்கையும் சீட்டையும் பக்கப்பலகைகளையும் கழற்றிவிட்டால் ஒரு எஞ்சினும் இரண்டு சக்கரங்களும் மட்டுமே மிஞ்சும். அதன்மேல் கஃபே ரேசரும் வரும், மண்தடப் பந்தயப் பாணியும் வரும், மட்கார்டை வெட்டிக் குறைத்த பாபரும் வரும்.

தொடக்கத்தில் சொன்ன மூன்றில் கடைசியானது வாகனச் சோதனை, அதாவது ‘ஷாகென்’. அது நம் ஊர் எஃப்.சி. போன்றது. 250 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு மட்டும் அது கட்டாயம். புதிய ஹேண்டில்பாரால் பதிவிலுள்ள அகலம் 2 சென்டிமீட்டருக்கு மேலோ உயரம் 4 சென்டிமீட்டருக்கு மேலோ மாறினால் மறுபதிவு செய்தாக வேண்டும். 250க்குள் இந்தச் சோதனை இல்லை. தடித்த டயர்களோடு 1987இல் வந்து பெரிதாகப் பேசப்படாத யமஹா டிடபிள்யூ200, 2000ஆம் ஆண்டு ‘பியூட்டிஃபுல் லைஃப்’ தொலைக்காட்சித் தொடரில் டகுயா கிமுராவின் பாத்திரம் ஓட்டும் வண்டியாகத் தோன்றியதும், டோக்கியோ இளைஞர்கள் அதைத் தேடி வாங்கி, பக்கப்பலகைகளைக் கழற்றித் தெருவில் ஓட்டினார்கள். தொடர் கொடுத்தது ஆசையை. சோதனையில்லாத எஞ்சின் அளவு கொடுத்தது வசதியை.

இன்று நிலைமை தலைகீழ். எழுபதுகளில் சிபி750 வைத்திருந்தவர்கள் கழற்றிப் போட்ட நான்கு சைலன்சர்களை, அதுவும் ‘எச்எம்300’ என்று பொறித்த தொடக்ககாலத்தவற்றை, சேகரிப்போர் அலைந்து தேடுகிறார்கள். இசட்1க்கான சிலிண்டர் தலையைக் கவாசாகியே மறுபடி வார்த்து விற்றது. யோகோஹாமாவில் 1992 முதல் நடந்துவரும் ஹாட் ராட் கஸ்டம் கண்காட்சியில் இந்தப் பழைய நான்கு சிலிண்டர் பைக்குகளும் இடம்பெறுகின்றன.

தமிழ் வாசகருக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 1984இல் ஓசூரில் இண்ட்-சுசுகி வந்தது. 1985இல் யமஹா ஆர்எக்ஸ்100 வந்தது. அதற்கு முன்பே ஆர்டி350, ராஜ்தூத் பெயரில் ஓடியது. அவற்றை ஆல்டர் செய்து ஓட்டும் பழக்கம் நம் தெருக்களிலும் உண்டு. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இந்த வண்டிகளில் ஒன்று உங்களிடம் இருந்தால் ஒரு வேண்டுகோள்: கழற்றிய சைலன்சரையும் ஹேண்டில்பாரையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, எந்த ஆண்டு எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று எழுதி வையுங்கள்.