செல்லப் பல்லிகளுக்கான ஒளி, வெப்பப் பராமரிப்பின் வரலாறு

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் சந்தவாசல். இப்பகுதியில் காலை வெயில் ஏறியதும் ஓணான்கள் வேலியிலும் பாறையிலும் வந்து படுக்கும். உடல் சூடேறியபின் இரை தேடப் போகும். உச்சி வெயிலில் நிழலுக்குள் ஒதுங்கும். வெயிலிலிருந்து அவை இரண்டு பொருள்களைப் பெறுகின்றன. ஒன்று வெப்பம், மற்றொன்று புறஊதா ஒளி. இவ்விரண்டும் வேறு வேறு தேவைகள் என்பதை மனிதர்கள் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

தொடக்ககால முயற்சிகள்

பொதுமக்கள் பார்ப்பதற்கென ஊர்வன இல்லம் முதன்முதலில் 1849-இல் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் திறக்கப்பட்டது. குளிர்நாட்டில் ஊர்வன உயிர் பிழைக்க வெப்பம் வேண்டும் என்பது அப்போதே தெரியும். ஒளியின் பங்கு தெளிவானது 20-ஆம் நூற்றாண்டில்தான். 1919-இல் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய் கண்ட குழந்தைகளைப் புறஊதா விளக்கின் ஒளியால் குணப்படுத்தினார். வைட்டமின் டி தொடர்பான ஆய்வுகளுக்காக அடால்ஃப் விண்டாஸ் 1928-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த அறிவு வளர்ந்துவந்த காலத்தில், லண்டன் காட்சியகத்தின் ஊர்வனப் பிரிவுப் பொறுப்பாளர் ஜோன் பீச்சம்ப் ப்ராக்டர் புதிய இல்லமொன்றை வடிவமைத்தார். அது 1927-இல் திறக்கப்பட்டது. கூண்டுகளின் வெவ்வேறு பகுதிகளுக்கு மின்சாரத்தால் வெவ்வேறு அளவில் வெப்பம் தரப்பட்டது. சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் புறஊதாக் கதிர்களை உள்ளே விடும் தனிவகைக் கண்ணாடியும் பொருத்தப்பட்டது.

1944-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகெர்ட் ஆகியோர் பாலைவனப் பல்லிகளின் உடல் வெப்பத்தை அளந்து முடிவுகளை வெளியிட்டனர். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்று பல்லிகள் தம் உடல் வெப்பத்தைத் தாமே சீராக்கிக்கொள்கின்றன என்பது அவர்களது முடிவு. கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்ற இன்றைய விதியின் அடிப்படை இதுவே.

தமிழ்நாட்டில்

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ரோமுலஸ் விட்டேகர் நிறுவிய பாம்புப் பண்ணை சென்னை கிண்டியில் அமைந்தது. 1976-இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தொடங்கியது. லண்டன் தனிக் கண்ணாடியால் வரவழைத்த கதிர்கள் இங்கே திறந்தவெளி அடைப்புகளில் செலவின்றிக் கிடைத்தன.

வீட்டுக்குள் வைக்கப்படும் செல்லப் பல்லிக்கு அந்த வசதி இல்லை. சன்னலோரக் கண்ணாடிக் கூண்டில் வெயில் விழுவதைப் பார்த்து, அதுவே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கண்ணாடி வழியே வெப்பம் வரும். புறஊதா-பி கதிர் பெரும்பாலும் வராது. நேர் வெயிலில் வைத்த மூடிய கூண்டு சிறிது நேரத்தில் கொதித்து விலங்கைக் கொன்றும் விடும்.

ஒளியும் வெப்பமும் இணையும் இடம்

புறஊதா-பி கதிர் பட்டதும் பல்லியின் தோலில் வைட்டமின் டி3-இன் முன்வடிவம் உருவாகிறது. அது டி3 ஆக மாற உடல் வெப்பம் தேவை. டி3 இல்லாவிட்டால் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடலில் சரிவரச் சேராது. தாடை மென்மையாகும், கால்கள் வீங்கும், நடுக்கம் வரும், எலும்பு எளிதில் முறியும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஊர்வன சிகிச்சையில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

பச்சை இகுவானாவுக்கு வெயில்காயும் இடத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியசும் குளிர்ந்த முனையில் 26 பாகை அளவும் பொருத்தமானவை. நாளொன்றுக்குச் சுமார் 12 மணி நேரம் விளக்கு எரிய வேண்டும்; இரவில் இருட்டு வேண்டும். புறஊதா விளக்கு பார்வைக்குப் பிரகாசமாக எரிந்தாலும் அதன் கதிர் நாளடைவில் குறைந்துவிடும். எனவே தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டும். சூடேற்றும் கற்கள் வயிற்றைச் சுட்டுவிடக்கூடும் என்பதால் மேலிருந்து வரும் வெப்பமே நல்லது.

சட்டம்

உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பச்சை இகுவானா போன்ற பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலுள்ள அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஜவ்வாது மலையின் ஓணானுக்கு வெயிலும் நிழலும் நான்கடி தூரத்தில் இருக்கின்றன. கூண்டில் வாழும் பல்லிக்கு அந்த நான்கடியையும் அமைத்துத் தரவேண்டியவர் அதை வளர்ப்பவரே.