கூகிளாண்டவர் சந்நிதியில் முதல் வரிசை

போன மாதம் ஒரு பையன் கிளைக்கு வந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். பாந்தனிப் புடவை வியாபாரம். கடை கிடையாது. வீட்டு மாடியில் சரக்கு, பார்சல் கட்ட இரண்டு ஆட்கள், ஒரு வலைத்தளம், அவ்வளவுதான். கேஷ் கிரெடிட் லிமிட்டைப் பத்து லட்சத்திலிருந்து இருபத்தைந்தாக ஏற்றித் தர வேண்டுமாம். ஸ்டாக் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் சுத்தம். "வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?" என்று கேட்டேன். போனை எடுத்து எதையோ தேடிக் காட்டினான். முதல் பக்கத்தில் மூன்றாவதாக அவன் தளம்.

"யஹீ மேரி துகான் ஹை, சாஹேப்."

இதுதான் என் கடை. ரங்கநாதன் தெருவில் கடை என்றால் எனக்குப் புரியும். வாடகைப் பத்திரம் இருக்கும், பகடி என்ன போகிறது என்று பக்கத்துக் கடையில் விசாரிக்கலாம். இந்த மூன்றாவது இடத்துக்குப் பத்திரம் எது? நாளைக்கே பதின்மூன்றாவது ஆனால் யாரைக் கேட்பது? அப்ரைசல் நோட்டில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல், இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து இந்த 'முதல் வரிசை'யின் சரித்திரத்தைப் படித்தேன். படித்ததை இங்கே கொட்டிவிடுகிறேன். நம் வீடுகளிலும் மகளோ மருமகளோ ஏதோ ஒன்றை ஆன்லைனில் விற்க ஆரம்பித்திருப்பார்கள், உதவலாம்.

பட்டியலில் முன்னால் நிற்கும் ஆசை கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. 1886-ல் சிகாகோவில் ரூபன் டானலி என்பவர் தொழில் வாரியாக வியாபாரிகளின் டைரக்டரி ஒன்றைப் போட்டார். அதன் வாரிசுகள்தான் டெலிபோனோடு வந்த மஞ்சள் பக்கங்கள். அகர வரிசை என்பதால், குழாய் ரிப்பேர்காரரும் பூட்டுத் திறப்பவரும் கடைக்கு 'ஏஏஏ' என்று பெயர் வைத்துக்கொண்டு முதலில் போய் நின்றார்கள். 1994-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜெரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரண்டு மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த தளங்களைத் தலைப்பு வாரியாக அடுக்க ஆரம்பித்து அது யாஹூ ஆனபோதும் இதே கதை. உள்ளே அகர வரிசை, வெளியே 'ஏ' எழுத்துக்கு அடிதடி. யாஹூவில் மனிதர்கள் உட்கார்ந்து தளங்களைப் பார்த்துச் சேர்த்தார்கள். நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகத்தில் புத்தகங்களுக்குச் செய்த வேலை மாதிரி. ஆனால் நூலகத்தில் புத்தகம் தினமும் லட்சக்கணக்கில் வருவதில்லை. கியூ நீண்டது. கடைசியில் வியாபாரத் தளங்களைப் பரிசீலிக்கவே வருடத்துக்கு 299 டாலர் வாங்கினார்கள்.

1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி ஆல்டாவிஸ்டாவைத் திறந்துவிட்டது. இதில் மனிதர் கிடையாது. எந்திரமே வலை முழுதும் அலைந்து பக்கங்களை வாசித்து, கேட்ட வார்த்தை எதில் எத்தனை முறை, எவ்வளவு முன்னால் வருகிறது என்று பார்த்து வரிசைப்படுத்தியது. எந்திரத்தை ஏமாற்ற நம் ஆட்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'சீப் டிக்கெட், சீப் டிக்கெட்' என்று நூறு தடவை எழுதினார்கள். வாசிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, எந்திரத்துக்குத் தெரியும். பக்கத்தின் தலையில் மறைவாகத் தேடுசொற்களை எழுதிவைக்க 'மெட்டா கீவேர்ட்' என்று ஒரு இடம் உண்டு. அதில் போட்டியாளர் பெயர், நடிகை பெயர் எல்லாவற்றையும் அடைத்தார்கள். (இந்த மெட்டா கீவேர்டைத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகிள் 2009-ல் வெளிப்படையாகச் சொன்னது. அதற்குப் பிறகும் அதை எழுதித் தருவதற்குக் காசு வாங்கியவர்கள் உண்டு.) 1996-ல் டானி சல்லிவன் என்ற பத்திரிகையாளர் எந்தத் தேடுபொறி எப்படி வரிசைப்படுத்துகிறது என்று சோதித்து ஒரு கையேடு போட்டார். 'சர்ச் இன்ஜின் ஆப்டிமைசேஷன்', சுருக்கமாக எஸ்.ஈ.ஓ., ஒரு தொழிலாக உருவானது இந்த வாக்கில்தான். அதே சல்லிவன் 2017-ல் கூகிளிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்!

இனி லாரி பேஜ், செர்ஜி பிரின். 1996-ல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கி 1998-ல் கம்பெனி ஆனதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவர்களின் யோசனையை வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஒரு காலத்தில் நம் வங்கிகளில் கணக்குத் திறக்க 'இன்ட்ரொட்யூசர்' கையெழுத்து வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் "இவரை எனக்குத் தெரியும்" என்று போட வேண்டும். ஊரில் பெரிய டாக்டர் போட்டால் ஒரு மதிப்பு, யாரோ போட்டால் ஒரு மதிப்பு. பேஜ்ரேங்க் என்பது இதுதான். ஒரு பக்கம் இன்னொன்றுக்குச் சுட்டி கொடுத்தால் அது ஒரு அறிமுகக் கையெழுத்து. கொடுக்கிறவர் மதிப்பு எவ்வளவோ, பெறுகிறவருக்கு அதில் ஒரு பங்கு. அதே ஆள் நூறு பேருக்குக் கொடுத்தால் பங்கு நூறாகப் பிரியும். ஆராய்ச்சிக் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று யூஜின் கார்ஃபீல்டு 1960-களில் எண்ண ஆரம்பித்ததே இதற்கு முன்னோடி.

அந்த இன்ட்ரொட்யூசர் முறை என்ன ஆயிற்று? பத்து ரூபாய்க்குக் கையெழுத்துப் போட ஆள் வாசலிலேயே நின்றான். இங்கேயும் அதேதான். 2000 டிசம்பரில் கூகிள் தன் டூல்பாரில் ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பையும் பத்துக்கு இத்தனை என்று ஒரு பச்சைக் கோடாகக் காட்டியது. விலைச்சீட்டை அவர்களே ஒட்டிவிட்ட மாதிரி ஆயிற்று. எட்டு மதிப்புள்ள தளத்திலிருந்து ஒரு சுட்டி இத்தனை டாலர் என்று சந்தை முளைத்தது.

அந்தச் சந்தையில் தரகு பார்த்தவர் ஓக்லஹோமாவில் சர்ச்கிங் என்ற தளத்தை நடத்திய பாப் மாசா. 2002 ஆகஸ்டில், மதிப்புள்ள தளங்களில் சுட்டி விளம்பரம் வாங்கித்தரும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் அவர் தளத்தின் பேஜ்ரேங்க் எட்டிலிருந்து நாலுக்கு விழுந்தது. அக்டோபரில் கோர்ட்டுக்குப் போனார். கூகிள் வேண்டுமென்றே செய்தது, என் வியாபாரம் போயிற்று என்றார். வேண்டுமென்றே குறைத்திருந்தாலும் அது சட்ட விரோதம் ஆகாது என்று வாதிட்டது கூகிள். 2003 மே மாதம் தீர்ப்பு. பேஜ்ரேங்க் என்பது ஒரு அபிப்பிராயம். அபிப்பிராயம் சொல்ல அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு. வழக்கு தள்ளுபடி.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம், அந்த நீதிமன்றம் எதை முன்மாதிரியாக எடுத்தது என்பது. மூடிஸ் வழக்கு! கொலராடோவில் ஒரு பள்ளி மாவட்டம் 1993-ல் பாண்டு வெளியிட்டது. ரேட்டிங்குக்கு மூடிஸைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே மூடிஸ் பாதகமாக ஒரு குறிப்பு வெளியிட, பாண்டை விற்க அதிக வட்டி கொடுக்க வேண்டியதாயிற்று என்று பள்ளி மாவட்டம் வழக்குப் போட்டது. அது மூடிஸின் அபிப்பிராயம் என்று 1999-ல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. ஆக, புடவைக் கடையின் மூன்றாவது இடமும் கிரெடிட் ரேட்டிங்கும் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் ஒரே ஜாதி. எங்கள் ரேட்டிங்கில் ஒருவரை ஒரு படி இறக்கினால் கிளைக்கு வந்து சண்டையாவது போடலாம். இங்கே அதற்கும் ஆள் இல்லை.

ஆறே மாதத்தில் புயல் வந்தது. 2003 நவம்பர் 16 வாக்கில் கூகிள் தன் கணக்கை மாற்றியது. சூறாவளிக்குப் பெயர் வைப்பது போல இதற்கு 'ஃப்ளோரிடா' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் சின்ன வியாபாரிகளுக்கு நவம்பர் கடைசியும் டிசம்பரும் நம் தீபாவளி மாதிரி. கிறிஸ்துமஸை நம்பிச் சரக்கை வாங்கி அடுக்கியிருந்த எத்தனையோ சிறு கடைகள் முதல் பக்கத்திலிருந்து காணாமல் போயின. அவற்றில் தில்லுமுல்லு செய்தவர்களும் உண்டு, ஒரு தப்பும் செய்யாதவர்களும் உண்டு. பட்டியலுக்குப் பக்கத்தில் காசு கொடுத்து வாங்கும் விளம்பர இடம் மட்டும் 2000-லிருந்தே தயாராக இருந்தது. இயல்பாக வருகிற கூட்டம் நின்றுபோனால் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். விளம்பரத்தைத் தள்ளிவிடத்தான் மாற்றினார்கள் என்று அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. அது உண்மை என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரம் கடை வாசலை அடைத்தால் எப்படி இருக்கும் என்பது நம்மில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் தெரியும்.

பெரியவர்கள் மாட்டிக்கொண்டபோது கதை வேறு மாதிரி. 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகிள் நீக்கியது. எந்திரத்துக்கு ஒரு பக்கம், மனிதருக்கு வேறு பக்கம் காட்டினார்கள் என்று குற்றம். சரி செய்ததும் சில நாளில் திரும்ப வந்தது. 2011 பிப்ரவரியில் ஜே.சி. பென்னி. அமெரிக்காவின் பெரிய துணிக்கடை. உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு, எதைத் தேடினாலும் பண்டிகைக் காலம் முழுக்க அதுதான் முதலில். நியூயார்க் டைம்ஸ் நிருபர் டேவிட் சீகல் தோண்டினார். சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்குச் சுட்டி போட்டு வைத்திருந்தார்கள். கூகிள் கையால் இறக்கியது. ஒரு பெட்டி தேடலில் முதலிடத்தில் இருந்தது இரண்டே மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லி ஜே.சி. பென்னி தன் எஸ்.ஈ.ஓ. நிறுவனத்தை நீக்கியது. சில மாதத்தில் தேடலிலும் மீண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அசல் கடைகள் வைத்திருந்தவர்களுக்கு இது காய்ச்சல்தான். மாடியில் சரக்கு வைத்திருப்பவனுக்கு அப்படியல்ல.

அதற்கப்புறம் தரமில்லாத பக்கங்களை ஒடுக்க 'பாண்டா' (2011), விலைக்கு வாங்கிய சுட்டிகளை ஒடுக்க 'பெங்குவின்' (2012). விவரம் வேண்டாம், விலங்குப் பெயர் மாறியதே தவிர சங்கதி அதே. பச்சைக் கோட்டை 2016-ல் எடுத்தே விட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். மாற்றல் உத்தரவு வாங்கிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்த பெயர் அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ். அந்தப் பெயருக்கு உரிமையுள்ள டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் டெல்லி ஹைகோர்ட்டில் கூகிள் மேல் வழக்குப் போட்டது. தங்கள் பெயரைத் தேடினால் மேலே போட்டியாளர் விளம்பரம் வருகிறது என்று புகார். 2023 ஆகஸ்டில் டிவிஷன் பெஞ்ச் சொன்னது: பெயரைத் தேடுசொல்லாக விற்பதில் கூகிள் வெறும் பார்வையாளர் அல்ல, அதுவும் அந்த டிரேட்மார்க்கைப் பயன்படுத்துவதுதான். ஆனால் மக்கள் குழம்பினால்தான் குற்றம், விற்பது மட்டுமே குற்றமல்ல. அதற்கு முன் 2018 பிப்ரவரியில், நம் சென்னையின் மேட்ரிமோனி டாட் காம் உள்ளிட்டோர் 2012-ல் தொடங்கிய புகாரில், தேடல் முடிவுகளில் பாரபட்சம் என்று காம்படிஷன் கமிஷன் கூகிளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில், பொதுத் தேடலில் கூகிள் ஏகபோகத்தைச் சட்ட விரோதமாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பு எழுதிய நீதிபதி அமித் மேத்தா. நான் இருக்கும் அகமதாபாத்திலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள பாட்டணில் பிறந்தவர். அதே வருடம் கூகிள், பட்டியலுக்கு மேலே தானே செயற்கை நுண்ணறிவால் விடை எழுதி வைக்கத் தொடங்கியது. முதல் இடத்துக்கும் மேலே இப்போது ஒரு இடம் வந்துவிட்டது.

பையன் கதைக்கு வருகிறேன். அவன் கணக்கில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்று மாதம் 18,000 போய்க்கொண்டிருந்தது. என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். மாதம் முப்பது சுட்டி வாங்கித் தருகிறார்களாம். எங்கிருந்து? அவனுக்குத் தெரியவில்லை. போன் பண்ணிக் கேட்கச் சொன்னேன். மறுநாள் பட்டியல் கொண்டு வந்தான். ஒரு பல் டாக்டர் தளம், ஏதோ ஊரின் ஜோசியத் தளம், ரஷ்ய மொழியில் நாலைந்து. ஜே.சி. பென்னி கதையைச் சொன்னேன். முகம் கொஞ்சம் வெளுத்தது.

"பழைய வாடிக்கையாளர்களின் போன் நம்பர் வைத்திருக்கிறாயா?"

வைத்திருந்தான். நாலாயிரத்துச் சொச்சம், எக்செல் ஷீட்டில். ஒருவருக்குக்கூட இதுவரை அவனாக ஒரு செய்தி அனுப்பியதில்லை. அதைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தோம். இரண்டாம் முறை வாங்கியவர்களை அவனே எண்ணினான், அறுநூற்றுப் பதினேழு. லிமிட்டைப் பதினைந்தாக ஏற்றப் பரிந்துரை எழுதினேன், மீதிக்கு ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி. அந்த 617 என்ற எண்ணை நோட்டில் எழுதியிருக்கிறேன். மூன்றாவது இடத்தை எழுதவில்லை.