‘ஹேட்’ வந்த வழி

முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். சிவப்பு மை அதிகம் தீர்ந்தது ஒரே சொல்லுக்கு: ‘ஹேட்’. லீவு லெட்டரில் பையன் எழுதுவான்: “ஐ ஹேட் கான் டு மதுரை.” அதை அடித்து ‘வென்ட்’ என்று போடுவேன். அடுத்த வாரம் இன்னொருவன் அதையே எழுதிக்கொண்டு வருவான்.

என் கையில் இருந்தது ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். இந்த ரென், பிரிட்டிஷ் இந்தியாவில் கல்வித் துறையில் இருந்தவர். 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவல் எழுதிப் புகழ் பெற்றவர். நம் பிள்ளைகளுக்கு அவர் இலக்கணக்காரர் மட்டும்தான். இறந்தகாலத்தில் இரண்டு காரியம் நடந்தால் முந்தியதற்கு ‘ஹேட்’ என்று நாங்கள் ஒப்பிக்க வைத்தோம்.

அந்த விதி இங்கிலீஷிலேயே பிறவிக்குணம் அல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில், ‘முன்பே’ என்று பொருள்படும் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துச் சாதாரண இறந்தகாலத்தில் சொன்னாலே பெரும்பாலும் போதும். ‘ஹேட்’ அப்போது முதலில் உடைமையைக் குறித்தது: எழுதி முடித்த கடிதம் என்னிடம் இருந்தது என்கிற மாதிரி. நாளாக ஆக உடைமை கரைந்து, காலம் மட்டும் நின்றது. 1795இல் இலக்கணம் எழுதிய லிண்ட்லி மர்ரே அதற்குப் பயன்படுத்திய பெயர் ‘புளூபெர்ஃபெக்ட்’. லத்தீனிலிருந்து வந்தது, ‘முடிந்ததற்கும் மேல்’ என்று அர்த்தம். முடிந்ததற்கு மேல் என்ன இருக்கிறது என்று ஒரு பையனும் என்னைக் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

ஒருநாள் டீக்கடையில் என் வாயிலேயே வந்தது: “நேத்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்.” சொன்னதும் சுருக்கென்றது. இங்கிலீஷ்காரன் ‘ஹேவ்’ என்ற வினையைத் துணைக்கு வைத்தான்; நாம் ‘இரு’ என்பதை வைத்தோம். ஆனால் நம் ‘போயிருந்தேன்’ இன்னொரு சம்பவத்தைத் துணைக்குக் கேட்பதில்லை. போனேன், அங்கே இருந்தேன், இனிமேல்தான் கதை. கேட்பவரும் “அப்புறம்?” என்பார். பையன்கள் தப்பாக எழுதவில்லை, தமிழை ஒழுங்காகப் பெயர்த்திருக்கிறார்கள்!

அதன்பிறகு அடிப்பதற்கு முன் கூப்பிட்டுக் கேட்டேன்.

“கல்யாணத்துக்குப் போயிருந்தியா, சரி. முகூர்த்தம் பாத்தியா?”

“இல்ல சார். நாங்க போறதுக்குள்ள தாலி கட்டியாச்சு.”

“அந்தத் தாலிக்குப் போடுடா ‘ஹேட்’.”