அடித்த வீடும் அடைக்கலம் தந்த வீடும்

திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்புள்ள இளைஞர்கள் மீதான வன்முறை என்றதும் தெருவும் பேருந்து நிலையமும் காவல் நிலையமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் முதல் அடி பெரும்பாலும் வீட்டில்தான் விழுகிறது. நாமக்கல் மாவட்டத்தில் பிறந்த திருநங்கை எழுத்தாளர் ஏ. ரேவதி, அண்ணன் தன்னைக் கிரிக்கெட் மட்டையால் அடித்ததைத் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’யில் பதிவு செய்திருக்கிறார். பெண்ணாக உணரும் பிள்ளையைத் திருத்துவது கூடப்பிறந்தவனின் கடமை என்று அந்த வீடு நம்பியது. ஊரும் அதைக் கண்டிப்பு என்றே எடுத்துக்கொண்டது. ஊர் மட்டுமல்ல, சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் பார்த்தது. அடித்த வீட்டை நம்பி, அடைக்கலம் தந்த வீட்டைச் சந்தேகித்ததுதான் அதன் வரலாறு.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்றால் நமக்குப் பெருங்காமநல்லூரில் அச்சட்டத்தை எதிர்த்த மக்கள் மீது 1920இல் நடந்த துப்பாக்கிச்சூடுதான் நினைவுக்கு வரும். ஆனால் 1871இல் வந்த முதல் சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது. அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த அப்பகுதி, குழந்தைகளைக் கடத்துகிறவர்கள், ஆண்மை நீக்குகிறவர்கள், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு சொன்ன ‘இயற்கைக்கு மாறான’ உறவுக் குற்றம் புரிகிறவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட ஹிஜ்ராக்களை, அதாவது வடக்கின் திருநங்கைகளை, பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை, சந்தேகமே போதும். பதிவானவர் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றினால் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். 16 வயதுக்குட்பட்ட சிறுவன் அவர் வீட்டில் இருந்தால் 2 ஆண்டு வரை சிறை. அவர் தத்தெடுக்க முடியாது, உயில் எழுத முடியாது. அந்தச் சிறுவன் சொந்த வீட்டிலிருந்து எதற்காக வெளியேறினான் என்ற கேள்வி மட்டும் சட்டத்தில் எங்கும் இல்லை. அவன் கடத்தப்பட்டவனாக இருக்கலாம், அடிபட்டு ஓடி வந்தவனாகவும் இருக்கலாம்; சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே.

அந்தச் சட்டம் போய்விட்டது, அதன் பார்வை போகவில்லை. 2019இல் இயற்றப்பட்ட மாற்றுப்பாலினத்தவர் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நீதிமன்ற ஆணை இல்லாமல் மாற்றுப்பாலினப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றது. குடும்பத்தால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் மறுவாழ்வு மையம். ஒரு குருவின் கீழ் திருநங்கைகள் சேர்ந்து வாழும் ஜமாத்துக்கோ நண்பர் வீட்டுக்கோ அதில் இடமில்லை. வீட்டுக்குள் நடக்கும் கொடுமையையும் 18ஆம் பிரிவு குற்றமாக்கியது உண்மை. ஆனால் பாலியல் வன்கொடுமைக்கும் சேர்த்தே அது வைத்த உச்சத் தண்டனை 2 ஆண்டு. குரு வீட்டிலும் அடியும் கடனும் சுரண்டலும் இல்லையா, பாலியல் தொழிலுக்குத் தள்ளுவதில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், திருநங்கைகளே அதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் போக வேறு இடமில்லாததுதான் அந்தச் சுரண்டலுக்கு வலுவூட்டுகிறது. பிறந்த வீட்டில் அடி, வெளியே வாடகைக்கு வீடில்லை, வேலையில்லை என்றால் குரு வைத்ததுதான் சட்டம். அடைக்கலம் பெருகினால் அந்தப் பிடி தளரும். அடைக்கலத்தையே குற்றமாக்கினால் இறுகும்.

பெற்றோர் அன்பினால்தான் செய்கிறார்கள், பிள்ளைக்கு நல்லது வேண்டித்தான் மந்திரிக்கவும் மருத்துவரிடமும் கூட்டிப்போகிறார்கள் என்பது அடுத்த வாதம். அன்பை மறுக்க வேண்டியதில்லை. அன்பு அடியைச் சிகிச்சையாக்கிவிடாது. சென்னை உயர் நீதிமன்றம் இதை உணர்ந்தது. 2021இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம் பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமே உளவியலாளரிடம் ஆலோசனை பெற்ற பிறகு இடைக்காலத் தீர்ப்பு எழுதினார். பாலீர்ப்பை மாற்றும் ‘சிகிச்சை’க்குத் தடை விதித்தார். பெற்றோர் தரும் ‘காணவில்லை’ புகாரில், விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால் புகாரை முடித்துவிட வேண்டும் என்றார். 2025 மே மாதம், பெற்றோர் வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணுக்காக அவர் தோழி தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், திருமணத்தால் மட்டுமே குடும்பம் அமைவதில்லை, தேர்ந்துகொண்ட உறவும் குடும்பமே என்றது அதே நீதிமன்றம்.

வீட்டை விட்டு வெளியேற இத்தீர்ப்புகள் 18 வயது கடந்தவர்களுக்குத்தான் கைகொடுக்கும். 15 வயதில் வீட்டை விட்டு ஓடி வரும் பிள்ளையைப் பிடித்து மீண்டும் அதே வீட்டில் ஒப்படைப்பதுதான் பெரும்பாலும் இன்னும் மீட்பு எனப்படுகிறது. ஒப்படைக்கும் முன் அந்தப் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பது சட்டப்படி கட்டாயமாக வேண்டும். 1871இல் கேட்காமல் விட்ட கேள்வி அது. இனியும் கேட்காமல் விட்டால் அடுத்த அடிக்கு அரசும் பொறுப்பாளிதான்.