பாவாடைக்குள் ஒரு கப்பி

லேடீஸ் சைக்கிளில் நடுவில் ஏன் பார் இல்லை? வகுப்பில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ஏறி இறங்க வசதிக்காக மேடம்" என்று உடனே பதில் வரும். யாருக்கு வசதி? நம் கால்களும் ஆண்களின் கால்களைப் போலத்தானே மடங்குகின்றன? கொஞ்ச நேரம் கழித்து ஒரு மாணவி மெதுவாகச் சொல்வாள்: "பாவாடைக்காக."

பாவாடைக்காகத்தான். அதுவும் நம் பாவாடைக்காக அல்ல. 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ ஒரே அளவில் இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்தை இழுக்க ஒரு செயின். ஆளுயர முன்சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து சாகசம் செய்ய வேண்டிய அவசியம் போனது. பெண்களும் ஓட்டலாம் என்ற நிலை வந்ததும் ஒரு சிக்கலும் வந்தது. அன்றைய நடுத்தர வர்க்கத்து ஆங்கிலேயப் பெண் உடுத்தியது தரையைக் கூட்டும் பாவாடை. அதற்குள் அடுக்கடுக்காக உள்பாவாடைகள், இடுப்பை நெரிக்கும் கார்செட். வண்டி செய்தவர்கள் யோசித்து மேல் பாரை வெட்டிக் கீழே இறக்கினார்கள். செயினுக்குப் பெட்டி போட்டு மூடினார்கள். பின்சக்கரத்தில் துணி சிக்காமலிருக்கக் கயிற்றால் வலை பின்னினார்கள். பார் இல்லாத சட்டகத்தை உறுதியாக்க மற்ற குழாய்களைத் தடிமனாக்க வேண்டியிருந்ததால் வண்டியின் எடையும் கூடியது. இரும்பையே வளைக்கத் தயாராக இருந்தவர்களுக்குத் துணியை வெட்ட மட்டும் மனம் வரவில்லை.

அந்த எடை எவ்வளவு என்பதை ஆனி லண்டன்டெரி கதையில் பார்க்கலாம். மூன்று குழந்தைகளின் தாயான இவர் 1894 ஜூனில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார். கிளம்பும்போது நீளப் பாவாடை, கூடவே 42 பவுண்டு, அதாவது 19 கிலோ எடையுள்ள பெண்கள் சைக்கிள். சிகாகோ போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அங்கே ஆண்கள் ஓட்டும் 21 பவுண்டு சைக்கிளுக்கு மாறினார். மாறியதும் பாவாடையும் போயிற்று. தொளதொளவென்ற ப்ளூமர் வந்தது. வண்டியின் எடை பாதியானது. அவர் சொந்தக் குடும்பப் பெயர் கொப்சோவ்ஸ்கி. 'லண்டன்டெரி' என்பது விளம்பரத்துக்குக் காசு கொடுத்த தண்ணீர் கம்பெனியின் பெயர். ஜெர்சியில் ஸ்பான்சர் பெயரைப் போடுவது நேற்று வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் இவரை ஞாபகப்படுத்துங்கள்.

உடை மாற்றியவர்களுக்கு விலையும் இருந்தது. 1893இல் 16 வயது டெஸ்ஸி ரெனால்ட்ஸ் பிரைட்டனிலிருந்து லண்டன் போய்த் திரும்பியது எட்டரை மணி நேரத்தில். பத்திரிகைகள் அந்த வேகத்தைவிட அவர் போட்டிருந்த நிக்கர்பாக்கரைப் பற்றித்தான் அதிகம் எழுதின. முழங்காலுக்குக் கீழே சுருக்கிக் கட்டிய அரைக் கால்சட்டை, அவ்வளவுதான். 1898இல் ஹார்பர்டன் பிரபுவின் மனைவி ஃபுளோரன்ஸ், இதே மாதிரி உடையில் சர்ரேயிலிருந்த ஓர் ஓட்டலுக்குச் சைக்கிளில் போனார். காபி அறைக்குள் விடவில்லை. பக்கத்து மதுக்கூடத்தில் வேண்டுமானால் உட்காரலாம் என்றார்கள். வழக்கு அடுத்த ஆண்டு நீதிமன்றம் போனது. வேறு இடம் கொடுத்தார்கள் அல்லவா என்ற வாதம் எடுபட்டு ஓட்டல்தான் ஜெயித்தது. பிரபு குடும்பத்துப் பெண்ணுக்கே இந்த மரியாதை என்றால், சாதாரணப் பெண் என்ன செய்வாள்?

அவள் ஒளித்து வைப்பாள். எனக்கு மிகவும் பிடித்த ஆலிஸ் பைக்ரேவ் இங்கேதான் வருகிறார். லண்டன் பிரிக்ஸ்டனில் துணி தைத்துப் பிழைத்தவர். 1895இல் பெண்களுக்கான சைக்கிள் பாவாடை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பார்த்தால் எல்லோரும் உடுத்தும் பாவாடைதான். ஆனால் முன்னாலும் பின்னாலும் தையலுக்குள் கயிறு ஓடும். கயிறு சின்னக் கப்பிகளின் வழியே இடுப்புக்கு வரும். சைக்கிளில் ஏறும்போது கயிற்றை இழுத்தால் பாவாடை சுருங்கி மேலேறும். இறங்கியதும் தளர்த்தினால், ஓரத்தில் வைத்துத் தைத்த எடை அதைக் கீழே இழுத்துவிடும். தெருவில் நிற்பவர்களுக்குக் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. நம் பாவாடை நாடாவின் சூட்சுமத்தோடு கிணற்று ராட்டினத்தைச் சேர்த்ததுபோல ஒரு யோசனை. யேகர் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது.

பைக்ரேவ் தனி ஆள் அல்ல. அந்த ஆண்டுகளில் பல பெண்கள் பித்தான், கொக்கி, மடிப்பு என்று வைத்து உருமாறும் உடைகளுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். சமூகவியலாளர் கேட் ஜங்நிக்கல் அந்த ஆவணங்களைத் தேடியெடுத்து, அவற்றை வைத்தே உடைகளைத் திரும்பத் தைத்துப் போட்டும் பார்த்திருக்கிறார். ஒரு பெண் பொறியியல் செய்தால் அதைத் தையல் என்று சொல்லிவிடுவது சுலபம். அதனாலேயே இந்தப் பெயர்கள் நம் அறிவியல் பாடப்புத்தகங்களுக்குள் வரவில்லை என்று நினைக்கிறேன்.

நூறு ஆண்டு கழித்துப் புதுக்கோட்டையில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பல்லாயிரம் பேர் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். லண்டன் சீமாட்டிகளுக்காக வெட்டி எடுத்த அதே பார்! சிலர் ஜென்ட்ஸ் சைக்கிளே நல்லது என்றார்கள், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று. இதைப் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். உடையைப் பற்றிய பயம் சட்டகத்திலிருந்து எதை எடுத்ததோ, அது உழைக்கும் பெண்ணுக்குக் கூடுதல் இருக்கையாகப் பயன்பட்டது.

மறுபடியும் 1895க்கு வருகிறேன். பைக்ரேவ் காப்புரிமை வாங்கிய அதே ஆண்டு, அதே லண்டன், மார்ச் 23. க்ரவுச் எண்ட் மைதானத்தில் பிரிட்டிஷ் லேடீஸ் ஃபுட்பால் கிளப்பின் முதல் ஆட்டம். வடக்கு, தெற்கு என்று இரண்டு அணிகள். சுமார் 10,000 பேர் திரண்டார்கள். வடக்கு 7-1 என்று ஜெயித்தது. கிளப்பைத் தொடங்கியவர் நெட்டி ஹனிபால் என்ற பெயரில் இயங்கினார். அது புனைபெயர் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தலைவி, உடைச் சீர்திருத்தம் பேசிய எழுத்தாளர் ஃபுளோரன்ஸ் டிக்ஸி. வீராங்கனைகள் போட்டிருந்தது தளர்ந்த பிளவுஸ், நிக்கர்பாக்கர், தலையில் தொப்பி. மறுநாள் செய்திகளில் யார் எப்படிப் பந்தைக் கடத்தினார்கள் என்பதைவிட, யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதுதான் அதிகம்.

அதற்கும் முன்னால், 1881இல் ஸ்காட்லாந்தில் நடந்த பெண்கள் கால்பந்து ஆட்டத்தின் உடை வர்ணனையில் ஒரு விஷயம் என்னைத் திரும்பத் திரும்ப உறுத்துகிறது. ஜெர்சி, நிக்கர்பாக்கர், சிவப்பு பெல்ட், காலில் ஹை ஹீல்ஸ் பூட்ஸ். ஹீல்ஸ் போட்டுக்கொண்டு கால்பந்து! பெண்களின் காலுக்குக் கால்பந்து பூட்ஸ் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத காலம் அது. கிளாஸ்கோ ஆட்டத்தில் கூட்டம் மைதானத்துக்குள் புகுந்ததால் அந்தக் காலணியோடுதான் அவர்கள் ஓடித் தப்ப வேண்டியிருந்தது.

முதல் உலகப்போர் ஆண்களைப் போர்முனைக்கு அனுப்ப, தொழிற்சாலைப் பெண்கள் அரை டவுசரோடு மைதானத்துக்கு வந்தார்கள். பிரஸ்டன் நகரின் டிக், கெர் அணி 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் ஆடியபோது பார்க்க வந்தவர்கள் 53,000 பேர். அடுத்த டிசம்பரிலேயே, பெண்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்று சொல்லி, இங்கிலாந்து கால்பந்து சங்கம் தன் உறுப்பு கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. தடை நீங்க 1971 ஆயிற்று. ஆடவே விடாதவர்களுக்கு யார் உடை வடிவமைப்பார்கள்? 1991இல் முதல் பெண்கள் உலகக்கோப்பையை ஜெயித்த அமெரிக்க அணி போட்டிருந்தது ஆண்களுக்குத் தைத்த ஜெர்சி.

கவனிக்க ஆரம்பித்த பிறகும் கவனம் எங்கே போனது பாருங்கள். 2004இல் ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர், பெண்கள் இன்னும் இறுக்கமான டவுசர் போட்டால் ஆட்டம் பிரபலமாகும் என்று யோசனை சொன்னார். 2011 ஜூனில், தலையை மூடியிருந்தார்கள் என்று ஈரான் பெண்கள் அணியை அம்மானில் ஆடவிடாமல் நிறுத்தியதும் அதே ஃபிஃபாதான். ஒலிம்பிக் தகுதிச் சுற்று அவர்களுக்கு அதோடு போயிற்று. ஒருவருக்குத் துணி அதிகம், இன்னொருவருக்கும் துணி அதிகம். தலைமறைப்புக்கான தடையை 2014இல்தான் முழுதாக எடுத்தார்கள்.

வெள்ளை டவுசர் கதை நமக்கெல்லாம் தெரிந்த கதை. நான் படித்த பள்ளியில் வெள்ளிக்கிழமை வெள்ளைச் சீருடை. விளையாட்டு வகுப்பும் அன்றைக்குத்தான். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் நாலைந்து பேர் மாறி மாறி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். தலைவலி என்று சொல்வோம். 2022இல் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த இங்கிலாந்து பெண்கள் வெள்ளை டவுசர்தான் போட்டிருந்தார்கள். மாதவிடாய் நாட்களில் அந்த வெள்ளை தரும் பதற்றத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்கள். 2023இல் அவர்களின் டவுசர் நீலமானது. ஒரு சாயம் மாற்ற இத்தனை காலம்!

அதே 2023 உலகக்கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபோடு களமிறங்கினார். பெரியவர்களுக்கான பெண்கள் உலகக்கோப்பையில் அப்படி ஆடிய முதல் பெண் அவர். தடுப்பாட்டக்காரர். அன்று தென்கொரியாவால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. மொராக்கோ 1-0 என்று ஜெயித்தது.