கடல் தாண்டினால் ஓட்டுப் போகுமா?

எங்க அப்பாயி முதன்முதலா ஓட்டுப் போட்டது 1977இல், புதுக்கோட்டைப் பக்கம் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அப்போது அதுக்கு வயசு நாற்பத்தெட்டு. "மை வச்ச வெரலப் பாத்துக்கிட்டே இருந்தேன்டா" என்று சொல்லும். பிறந்ததும் கொழுந்து பறித்ததும் இலங்கை மலைத்தோட்டத்தில்.

பஞ்சமும் ஆண்டைகளின் கொடுமையும் தாங்காமல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் திருச்சி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்தும் கங்காணி பின்னால் போன சனத்தில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கையில் வயது வந்தோர்க்கெல்லாம் ஓட்டுரிமை தந்தது. தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பைக் காட்டும்படி நிபந்தனை. அப்படியும் பல்லாயிரம் பேர் பட்டியலில் ஏறினார்கள். யோசித்துப் பாருங்கள் தோழர்களே: ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் கடல் தாண்டியதும் ஓட்டாளன். இங்கே கிடந்த அவன் பங்காளிக்கு அந்த உரிமை வர இன்னும் இருபது வருசம் ஆச்சு.

அப்பாயியின் அப்பா 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது. அந்த ஏழும், இடதுசாரிகளுக்கு விழுந்த தோட்ட ஓட்டும் டி.எஸ். சேனநாயக்கா அரசின் கண்ணை உறுத்தின. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், பாட்டன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்தில் பிறந்தவனிடம் ஏது பிறப்புப் பத்திரம்? 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடியுரிமை இல்லாதவனுக்கு ஓட்டில்லை என்றார்கள். அதே வருசம் வந்த இன்னொரு சட்டத்தின்படி குடியுரிமை கேட்டு மனுப்போட்டவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

1952இல் ஊரிலிருந்த எங்க சனம் ஓட்டுப் போட்டது. அதே வருசம் இலங்கைத் தேர்தலில் பாட்டன் பெயர் பட்டியலில் இல்லை. இவர்கள் இந்தியர்கள் என்றது கொழும்பு. இலங்கை மக்கள் என்றது டெல்லி. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாக வெட்டினார்கள். அந்தச் சனத்தை ஒரு வார்த்தை கேட்டவர் யார்? ஓட்டில்லாத சனத்தைத்தான் இப்படி மூட்டை மாதிரிப் பங்கு போட முடியும்.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய அப்பாயி, பாட்டன் விட்டுப்போன அதே சேரிக்குத்தான் வந்து சேர்ந்தது. ஊரில் அதுக்குப் பேர் 'சிலோன்காரி'.

இப்போது என் தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கான். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் ஓட்டாளராகலாம் என்று 2010இல் சட்டம் திருத்தினார்கள்; 2011இல் அமலுக்கு வந்தது. ஆனால் சொந்த ஊர்ச் சாவடிக்கு நேரில் வரணும். 2018இல் பதிலாள் மூலம் ஓட்டுப்போட வழிசெய்யும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019இல் காலாவதியானது. 2024 தேர்தலில் பதிவான வெளிநாட்டு வாக்காளர்கள் 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958. ஒரு ஓட்டுக்கு லீவும் விமான டிக்கெட்டும் எந்தக் கூலிக்காரனுக்குக் கட்டும்?

இதைப் பணக்காரன் சமாச்சாரம் என்று தோழர்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். அப்பாயி கதை தெரிந்த என்னால் ஒதுக்க முடியவில்லை. பிழைக்கப் போன இடத்திலேயே ஓட்டுப் போடும் வழியை நாம் கேட்கணும்.