மூடும் உரிமை யாருடையது? கோப்பு எண் உடைமையின் வரலாறு

ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் ஜாப் ஒர்க் பழகிய ஏற்பாடு. தோல், வியாபாரியுடையது; பதனிடும் டிரம்மும் ஆளும் டேனரிக்காரருடையவை. சரக்கு கையில் இருப்பதாலேயே அது அவருடையதாகிவிடாது என்பதில் இங்கே யாருக்கும் குழப்பமில்லை. சி மொழி நூலகத்துக்கும் பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழிக்கும் இடையே, ஒரு கோப்பு எண் யாருடையது என்பதில் இந்தத் தெளிவு பல பத்தாண்டுகள் ஆகியும் முழுமையாக வரவில்லை.

இப்பகுதிக்கு இந்த மென்பொருள் சிக்கல் அந்நியமானதல்ல. தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவை இடைவிடாது அளந்து இணையவழி அனுப்ப வேண்டுமென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. இப்படி அளக்கும் மீட்டர்களில் மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு நெறி பரவலானது. அதைப் பேசும் சி நூலகங்களுள் ஒன்று லிப்மோட்பஸ்.

யூனிக்ஸில் திறந்த கோப்பு, சீரியல் போர்ட், சாக்கெட் எல்லாமே நிரலுக்கு ஒரு சிறு எண்தான். ஃபைல் டிஸ்கிரிப்டர் என்பது அதுவே. புதிதாகத் திறப்பதற்குக் காலி எண்களில் மிகச் சிறியது கிடைக்கும். சிக்கலின் வேர் இந்த விதியில் இருக்கிறது.

லிப்மோட்பஸ் திறந்த சீரியல் போர்ட்டின் கோப்பு எண் 7 என்று கொள்வோம். பைத்தான் ஸ்கிரிப்ட் அந்த 7ஐக் கேட்டு வாங்கித் தன் கோப்புப் பொருளாகச் சுற்றிக்கொள்கிறது. வேலை முடிந்து பொருள் அழியும்போது 7ஐயும் மூடிவிடுகிறது. அடுத்துத் திறக்கும் பதிவுக் கோப்புக்கு அதே 7 கிடைக்கிறது. இதை அறியாத நூலகம், 01 03 00 00 00 02 என்று தொடங்கும் எட்டு பைட் வினாவை 7க்கு எழுதுகிறது. அது பதிவுக் கோப்பில் போய் விழுகிறது. மீட்டரிடமிருந்து பதில் வராது. பழுது பார்க்க வருபவர் முதலில் கம்பியைத்தான் கழற்றிப் பார்ப்பார். பைத்தானின் வழக்கமான செயலாக்கமான சிபைத்தானில், பொருளை யாரும் பிடித்திராதபோது மூடல் உடனே நடக்கும். மற்றொரு செயலாக்கமான பைபையில் நினைவகக் குப்பை சேகரிப்பு வரும்வரை தள்ளிப்போகும் என்பதால் பிழையின் நேரத்தைக்கூடக் கணிக்க இயலாது.

இந்தப் பிழைக்குத் தொடக்கத்தில் கையேட்டு வாசகமே காவல். யூனிக்ஸின் எஃப்டிஓபன் ஓர் எண்ணை ஏற்றால், பிறகு எஃப்குளோஸ் அந்த எண்ணையும் சேர்த்தே மூடும். உடைமை கைமாறுகிறது, ஆனால் நிரலில் அதற்கு எந்த அடையாளமும் இல்லை. பைத்தான் 2இன் கோப்புப் பொருள் சியின் ஃபைல் என்ற தரவுக் கட்டமைப்பின் மேல் நின்றது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 எண்ணை நேரடியாகக் கையாண்டது. குளோஸ்எஃப்டி என்ற தெரிவைப் ‘பொய்’ என்று வைத்தால் எண்ணை மூடாமல் விட்டது. ஆனால் இயல்பிருப்பு மூடுவதாகவே அமைந்தது. பெயர் கொடுத்துத் திறந்த கோப்புக்கு அது சரி. வெளியிலிருந்து வந்த எண்ணைக் கேளாமல் சொந்தமாக்குவது தவறு என்றே கருதுகிறேன். 2011இல் 3.2, மூடாமல் கைவிட்ட கோப்புகளுக்கு எச்சரிக்கையும், சாக்கெட்டின் எண்ணை மூடாமல் பிரித்துத் தரும் டிடாச் வசதியும் தந்தது. 2014இல் 3.4, எண்கள் நிரல் தொடங்கும் சேய்ச் செயல்முறைகளுக்குக் கசிவதை இயல்பாகவே தடுத்தது.

உடைமைக்குக் குறி இடும் எண்ணம் பின்னர்தான் வந்தது. 2019இன் ஆண்ட்ராய்டு 10, எண்ணோடு உடையவரின் அடையாளத்தையும் சேர்த்து வைத்து, வேற்றாள் மூடினால் பிடித்தது. 2022 ஆகஸ்டில் ரஸ்ட் 1.63, சொந்த எண், இரவல் எண் என இரு வகைகளை வகுத்துத் தவறை நிரல் தொகுக்கப்படும்போதே (கம்பைல்) மறித்தது.

சி நூலகங்கள் இன்றும் வெறும் எண்ணையே நீட்டுகின்றன. டூப் அழைப்பால் இரண்டாம் எண் வாங்கினால் இரு தரப்பும் தத்தம் எண்ணை மூடிக்கொள்ளலாம். பிரிவது மூடும் உரிமை மட்டுமே: ஓர் எண்ணின் வழியே காத்திராத (நான்-பிளாக்கிங்) முறைக்கு மாற்றினால், திறப்பு ஒன்றே என்பதால் மற்ற எண்ணும் மாறிவிடும்.